தூக்குமேடையில் தொடங்கி, விட்டுப்போன அப்பாக்கள் வரை: ருமேனிய நடிகர் விக்டர் ரெபென்ஜுக்

கேள்வி இதுதான்: "ருமேனியப் படங்களில் 2000-க்குப் பிறகு வந்த சிலவற்றைத்தான் பார்த்திருக்கிறேன். 'மெடல் ஆஃப் ஹானர்' படத்தில் பதக்கம் வாங்குகிற கிழவராக நடித்தவர் யார்? அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?"

அவர் பெயர் விக்டர் ரெபென்ஜுக். 1933 பிப்ரவரி 10 அன்று புக்கரெஸ்ட்டில் பிறந்தவர். அந்தப் படம் 2009-இல் வந்தபோது அவருக்கு எழுபத்தாறு வயது. உங்களுக்கு அவர் அங்கே அறிமுகமாகிறார். ருமேனியர்களுக்கோ அவர் அதற்கு நாற்பத்து நான்கு வருடங்களுக்கு முன்பே தூக்குமேடைக்கு நடந்துபோன இளம் லெப்டினன்ட். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பே அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குடியானவ அப்பா. இந்த மூன்று முகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அவர் எப்பேர்ப்பட்ட நடிகர் என்று தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மேடை. அவரைச் சினிமா நடிகர் என்று மட்டும் சொன்னால் பாதி ஆள்தான் கிடைப்பார். புக்கரெஸ்ட்டின் நாடக, திரைப்படக் கல்லூரியில் 1956-இல் படித்து முடித்தார். அந்த வருடத்து வகுப்பை ருமேனியாவில் இன்றும் தங்க வகுப்பு என்று சொல்கிறார்கள். கியோர்கே கொசோரிச், அம்சா பெல்யா, சில்வியா பொப்போவிச் என்று பின்னாளில் பெரிய பெயர் எடுத்த பலர் அதில் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெரும்பகுதி அப்படியே தெற்கே க்ராயோவா நகரத்துத் தேசிய நாடக அரங்குக்குப் போனது. அங்கே விளாட் முகுர் என்ற இயக்குநர் இவர்களை வைத்துக்கொண்டு வேலை செய்தார். ரெபென்ஜுக் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. 1957-இல் புக்கரெஸ்ட்டின் நகராட்சி நாடக அரங்குக்கு வந்துவிட்டார். அதை 1947-இல் தொடங்கி நடத்தியவர் லூச்சியா ஸ்துர்ட்சா புலாந்த்ரா என்ற மூத்த நடிகை. பிறகு அவர் பெயராலேயே அது புலாந்த்ரா அரங்கு ஆனது. ரெபென்ஜுக்கின் மேடை வாழ்க்கைக்கு வீடு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவருடைய மனைவி மரியானா மிஹூட்ஸும் அதே அரங்கின் பெரிய நடிகை. 2008-இல் அந்த்ரேய் ஷெர்பான் பெண்களை மட்டுமே வைத்து 'லியர் அரசன்' நாடகத்தைப் போட்டபோது லியராக நடித்தவர் அவர்தான்.

புலாந்த்ராவில் ரெபென்ஜுக்கை வளர்த்தெடுத்தவர் லிவியு சுலெய். இவர் கட்டடக் கலை படித்தவர், அரங்க வடிவமைப்பாளர், நடிகர், இயக்குநர், எல்லாம். அந்தக் காலத்து ருமேனிய மேடையில் சோஷலிச யதார்த்தவாதம் என்ற பெயரில் எல்லாவற்றையும் அச்சுப்பிசகாமல் வாழ்க்கை போலவே காட்ட வேண்டும் என்ற கட்டளை இருந்தது. மேடை மேடையாக இருக்கலாமே என்று வாதாடியவர் சுலெய். 1965-இல் டென்னஸி வில்லியம்ஸின் 'ஆசை என்னும் டிராம்' நாடகத்தை அவர் போட்டபோது க்ளோடி பெர்த்தோலா ப்ளான்ஷ், ரெபென்ஜுக் ஸ்டான்லி கோவால்ஸ்கி. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், புக்கரெஸ்ட் மேடையில் ஓர் அமெரிக்க நாடகம்!

அதே வருடம், அதே இயக்குநருடன் வந்ததுதான் 'தூக்கிலிடப்பட்டவர்களின் காடு'. முதல் உலகப்போர். அப்போஸ்டோல் பொலோகா டிரான்சில்வேனியாவைச் சேர்ந்த ருமேனியன். டிரான்சில்வேனியா அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்ததால் அந்தப் படையில் அவன் அதிகாரி. ஒரு செக் அதிகாரி எதிரிப் பக்கம் ஓடப் பார்த்ததற்காக ராணுவ நீதிமன்றம் அவனைத் தூக்கிலிடுகிறது. அந்த நீதிபதிகளில் பொலோகாவும் ஒருவன். அப்போது அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை. பிறகு அவனுடைய பிரிவை ருமேனியாவுக்கு எதிரான போர்முனைக்கே மாற்றுகிறார்கள். தன் இனத்தாரையே சுட வேண்டும். அவன் ஓடப் பார்க்கிறான், பிடிபடுகிறான், தூக்குக்குப் போகிறான்.

இதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. மூல நாவலை 1922-இல் எழுதிய லிவியு ரெப்ரியானுவின் தம்பி எமில் இதே குற்றத்துக்காக 1917-இல் தூக்கிலிடப்பட்டவர். அண்ணன் எழுதிய நாவல் அது. அந்தப் பாரத்தைச் சுமக்க ரெபென்ஜுக் செய்தது என்ன தெரியுமா? ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. படம் முழுக்க அவர் முகம் பெரிதாக அசைவதில்லை. சுற்றிலும் சேறு, மூடுபனி, பேசித் தீர்க்கிற அதிகாரிகள். அதிலும் சுலெய் தானே நடித்த க்ளாப்கா என்ற பாத்திரம் பேசிக்கொண்டே இருக்கும். நடுவில் இந்த இளைஞன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். கேட்பது எப்படி ஒருவனை உள்ளே இருந்து மாற்றுகிறது என்பதுதான் அந்த நடிப்பு. கடைசியில் சிறையில் அவனைக் காதலிக்கும் ஹங்கேரியக் கிராமத்துப் பெண் இலோனா அவனுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள். அவள் பரிமாறுகிறாள், அவன் சாப்பிடுகிறான். ஆனா செலெஷும் ரெபென்ஜுக்கும் அந்தக் கடைசிச் சாப்பாட்டை ஒரு சாதாரண வீட்டுச் சாப்பாடு போலச் செய்திருக்கிறார்கள். நான் இதைப் பல முறை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. அந்தப் படத்துக்காக 1965-இல் கான் விழாவில் சுலெய்க்குச் சிறந்த இயக்குநர் பரிசு கிடைத்தது. ருமேனிய சினிமாவை வெளியுலகம் நிமிர்ந்து பார்த்த தருணங்களில் அது ஒன்று.

அடுத்த வருடங்கள் கதைச் சுருக்கமாகப் போகட்டும். ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் முடியாது. 1972-இல் புலாந்த்ராவில் இயக்குநர் லூசியான் பின்டிலியே ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'அரசாங்க ஆய்வாளர்' நாடகத்தைப் போட்டார். மூன்றே காட்சிகள், அதன் பிறகு மேலிடம் தடை செய்துவிட்டது. அரங்கின் தலைமைப் பொறுப்பிலிருந்து சுலெய்யும் போனார். பின்டிலியே வெளிநாடுகளில் வேலை செய்யத் தொடங்கினார். சுலெய்யும் பிற்பாடு அமெரிக்கா போய் 1980 முதல் 1985 வரை மினியாபொலிஸின் கத்ரி அரங்குக்குக் கலை இயக்குநராக இருந்தார். ஒரு நடிகனை உருவாக்கிய ஆட்கள் இப்படி ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போவதை நினைத்துப் பாருங்கள். நாடக இயக்குநர் வேறு நாட்டில் வேறு மொழியில் வேலை செய்யலாம். நடிகனுக்கு அவன் மொழிதான் உடம்பு. ரெபென்ஜுக் அங்கேயே இருந்தார்.

1976-இல் டான் பீட்சாவின் 'தனாசே ஸ்காட்டியு'. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிராமம், பழைய பண்ணையார் குடும்பம், அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மெல்ல மெல்ல அவர்களையே விழுங்குகிற ஒருவன். குத்தகைக்காரன் பண்ணையார் மகளைக் கட்டிக்கொள்கிறான், கிழவரை ஒடுக்குகிறான், குடியானவர்களைப் பிழிகிறான். இந்த மாதிரி ஆளை நம் ஊர்ப் படங்களில் மீசை முறுக்கிய வில்லனாகப் பார்த்துப் பழகியிருக்கிறோம். ரெபென்ஜுக்கின் ஸ்காட்டியு அப்படி இல்லை. தனக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லையே என்ற எரிச்சல் அவனுக்குள் எப்போதும் புகைந்துகொண்டே இருக்கிறது. பொலோகாவாக நடித்த அதே ஆளா என்று சந்தேகம் வரும்.

சில வருடங்களில் பின்டிலியேவுக்கு ஊர் திரும்பிப் படம் எடுக்க வாய்ப்புக் கிடைத்தது. ருமேனிய நாடகாசிரியர் கராஜியாலே 1885-இல் எழுதிய கேலி நாடகம் ஒன்றை அடிப்படையாக வைத்து 'மணிகள் ஏன் அடிக்கின்றன, மீட்டிக்கா?' என்ற படத்தை 1981-இல் எடுத்து முடித்தார். அதில் ரெபென்ஜுக் பாம்போன் என்ற சூதாடி, காதலியால் ஏமாற்றப்பட்டவன், ஊரெல்லாம் துரத்திக்கொண்டு அலைகிறவன். வியர்வையும் சத்தமும் கோபமுமாக, அவருடைய மற்ற வேடங்களிலிருந்து தலைகீழான ஒன்று. அந்தப் படத்தையும் பூட்டி வைத்துவிட்டார்கள். மக்கள் பார்த்தது 1990-இல்தான். ஒரு நடிகன் தன் உச்சகட்ட வயதில், நாற்பத்தெட்டில், இப்படி ஒன்றைச் செய்துவிட்டு, யாரும் பார்க்காமல் ஒன்பது வருடம் காத்திருக்கிறான்.

இப்போது 'மொரொமேட்ஸி'. இங்கே நிதானமாக நிற்க விரும்புகிறேன். ஏனென்றால் ருமேனியர்களுக்கு ரெபென்ஜுக் என்றால் முதலில் இதுதான்.

மரின் ப்ரெடாவின் நாவல் அது. முதல் பாகம் 1955, இரண்டாம் பாகம் 1967. தன்யூப் சமவெளியில் சிலிஷ்ட்யா-குமெஷ்ட்டி என்ற கிராமம், இரண்டாம் உலகப்போருக்குச் சில வருடங்கள் முன்பு. அந்தக் காலத்தில் மனிதர்களிடம் காலம் எல்லையில்லாத பொறுமையோடு இருந்ததாகத் தோன்றியது என்று நாவல் தொடங்கும். முதல் பாகம் முடியும்போது காலத்துக்கு இனிமேல் பொறுமை இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் உடைகிறது. ஸ்டேரெ குல்யா இதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், 1987-இல் வெளிவந்தது. மனைவி கத்ரினாவாக லுமினிட்சா கியோர்கியு நடித்தார். 'திரு. லாசரெஸ்குவின் மரணம்' பார்த்திருந்தீர்களானால், ஆம்புலன்ஸில் அந்தக் கிழவரோடு கூடவே அலைகிற பெண்மணி இவர்தான். பழைய ருமேனிய சினிமாவுக்கும் 2000-க்குப் பிறகு வந்த புதிய அலைப் படங்களுக்கும் நடுவே பாலம் போட்டவர்களில் இவரும் ஒருவர்.

இலியே மொரொமெட்டெ ஒரு விவசாயி. நிலம் இருக்கிறது, கடனும் இருக்கிறது, நிலவரி பாக்கி இருக்கிறது. முதல் மனைவியின் மகன்கள் மூன்று பேர் அவர் மேல் வஞ்சம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் தாரத்தின் கடைசிப் பையன் நிகுலாயெவுக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். இவருக்கோ வீட்டு முன்னால் வேலிக்கட்டையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொல்லுப்பட்டறைக்குப் போய் ஊர்க்காரர்களுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்ட வேண்டும். உலகம் பேசிப் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்று நினைக்கிற ஆள். பேச்சுதான் அவருடைய சொத்து.

ஒரு காட்சி போதும். வரி தண்டல்காரர் வீட்டுக்கு வந்து நிற்கிறார். மொரொமெட்டெ முற்றத்துக்குள் வருகிறார், அவரைக் கண்டுகொள்வதே இல்லை. வீட்டில் இல்லாத ஆட்களைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறார், அது இது என்று வேலை சொல்கிறார். திடீரென்று திரும்பி ஒரே வார்த்தை: "இல்லை!" அதாவது பணம் இல்லை. அடுத்து என்ன? அந்தத் தண்டல்காரரிடமே ஒரு சிகரெட் கேட்கிறார். நாவலில் படிக்கும்போது சிரிப்பு வரும். திரையில் ரெபென்ஜுக் செய்யும்போது சிரிப்போடு பயமும் வருகிறது. கண்ணில் ஒரு விளையாட்டுத்தனம், அதற்குக் கீழே எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற ஒரு மூளை, அதற்கும் கீழே இந்த வித்தை எத்தனை நாளைக்கு ஓடும் என்ற கவலை. மூன்றும் ஒரே முகத்தில் தெரியும்.

அந்த வித்தை ஓடவில்லை. கடனுக்காகத் தன் வீட்டு அகேசியா மரத்தை விடியற்காலையில் மகன் நிலாவைக் கூட்டிக்கொண்டுபோய் வெட்டுகிறார். ஊருக்கே அடையாளமாக நின்ற மரம். சாய்ந்த பிறகு எல்லாம் சின்னதாகிவிடுகிறது. பெரிய மகன்கள் எதிர்த்து நிற்கும்போது தடியை எடுத்து அடிக்கிறார். அதுவரை வார்த்தையால் வாழ்ந்த மனிதர் வார்த்தையை விட்டுவிட்ட இடம் அது. மகன்கள் பெட்டியை உடைத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு, குதிரைகளோடு புக்கரெஸ்ட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். அந்த அடிக்குப் பிறகு ரெபென்ஜுக்கின் தோளைக் கவனியுங்கள். அந்த மனிதர் முன்பு போல நிமிர்வதே இல்லை.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அவர் புக்கரெஸ்ட்டில் பிறந்து வளர்ந்த பட்டணத்துக்காரர். தெலியோர்மன் பகுதியின் ஒரு கிராமத்தில், உண்மையான குடியானவர்கள் நடுவில் படம் எடுத்தார்கள். அவர்கள் பக்கத்தில் நின்றும் வேறுபட்டுத் தெரியாமல் இருந்தார். கிராமத்தான் என்றால் வேட்டியை மடித்துக் கட்டி உரக்கப் பேசுகிறவன் என்று நடிக்கிற பட்டணத்து நடிகர்களை எத்தனை பார்த்திருக்கிறோம்! ரெபென்ஜுக் அந்தக் குடியானவரின் அறிவை நடித்தார். உடையும் வட்டார வழக்கும் அதைத் தொடர்ந்து தானாக வந்தன. 2018-இல் குல்யா இரண்டாம் பாகத்தை எடுத்தபோது மொரொமெட்டெவாக ஹொராட்சியு மலாயேலே நடித்தார். அவரும் நல்ல நடிகர்தான். ஆனால் என் மனதில் அந்த வேலிக்கட்டையில் உட்கார்ந்திருப்பது இன்னும் ரெபென்ஜுக்தான்.

படம் வந்து இரண்டு வருடத்தில் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சாவ்ஷெஸ்குவின் ஆட்சி விழுந்தது. 1989 டிசம்பரில் நாடே தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தது. நடிகர் இயோன் கராமித்ருவும் கவிஞர் மிர்ச்சா தினெஸ்குவும் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வெற்றியை அறிவித்தார்கள். அந்தக் கொந்தளிப்பான காலத்தில்தான் ரெபென்ஜுக் கையில் கழிப்பறைக் காகிதச் சுருளோடு திரையில் தோன்றினார். நேற்றுவரை சர்வாதிகாரியைப் புகழ்ந்து பேசியவர்கள் இனிப் பேசுவதற்கு முன்னால் இதனால் வாயைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னார். ருமேனியாவில் அந்தத் தலைமுறையினர் இதை இன்னும் மறக்கவில்லை. பிறகு, தான் படித்த அதே நாடக, திரைப்படக் கல்லூரிக்கு 1990 முதல் 1996 வரை தலைவராக இருந்தார்.

பின்டிலியே திரும்பி வந்ததும் பழைய கூட்டணி மறுபடி கூடியது. 1992-இன் 'ஓக் மரம்', 1998-இல் வெனிஸில் நடுவர் குழுவின் சிறப்புப் பெரும்பரிசு பெற்ற 'டெர்மினஸ் பாரடைஸ்', இவற்றில் சின்ன வேடங்கள். 2003-இல் வந்தது 'நிக்கியும் ஃப்ளோவும்'. இந்தப் படம் நம்மவர்களுக்கு ரொம்ப நெருக்கமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும், ஏனென்றால் இது இரண்டு சம்பந்திகளின் கதை. நம் மொழியைப் போலவே ருமேனிய மொழியிலும் சம்பந்திக்குத் தனியாக ஒரு சொல் இருக்கிறது, "குஸ்க்ரு". அந்த உறவில் இருக்கிற விட்டுக்கொடுத்தல், போட்டி, வெளியே சொல்ல முடியாத எரிச்சல் எல்லாம் நமக்கு விளக்காமலே புரியும்.

நிக்கி ஓய்வுபெற்ற கர்னல். மகன் விபத்தில் இறந்துவிட்டான். மகள் கணவனோடு அமெரிக்கா போகிறாள். மாப்பிள்ளையின் அப்பா ஃப்ளோ எல்லாவற்றையும் தானே எடுத்து நடத்துகிறவர். இழவு வீட்டில்கூட இவருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். ரஸ்வான் வாசிலெஸ்குவின் ஃப்ளோ பேசப் பேச, நிக்கி சரி சரி என்று தலையாட்டுகிறார். படம் முழுக்கத் தலையாட்டுகிறார். கடைசியில் ஒரு சுத்தியலை எடுக்கிறார். அந்த முடிவு திடீரென்று வருவதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரெபென்ஜுக்கின் தலையாட்டல்களை எண்ணிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் தாமதமாக வரும். இந்தப் படத்தின் திரைக்கதையில் கிறிஸ்டி புயுவும் ரஸ்வான் ரடுலெஸ்குவும் இருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து 'லாசரெஸ்கு'வை எழுதியவர்களும் இவர்களே.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். காலின் பீட்டர் நெட்சரின் 'மெடல் ஆஃப் ஹானர்' 1995-இல் நடக்கிறது. இயோன் ஐ. இயோன் என்ற ஓய்வூதியக்காரருக்கு, இரண்டாம் உலகப்போரில் செய்த வீரச்செயலுக்காகப் பதக்கம் என்று கடிதம் வருகிறது. என்ன வீரச்செயல் என்று அவருக்கே நினைவில்லை. தேடிப் போகிறார், விசாரிக்கிறார், மெல்ல மெல்ல நம்பவும் தொடங்குகிறார். வீட்டிலோ மனைவி அவரோடு பேசுவதில்லை. மகன் நாட்டை விட்டுத் தப்பப் பார்த்ததை அதிகாரிகளிடம் சொன்னவர் இவர். மகன் இப்போது கனடாவில். பதக்கம் வந்ததும் எல்லோரும் அவரைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, பெயர்க் குழப்பத்தில் அது தவறிவந்த பதக்கம். 1995-இல் ஜனாதிபதியாக இருந்த இயோன் இலியெஸ்கு படத்தில் இலியெஸ்குவாகவே தோன்றுகிறார். 2009-இல் தெசலோனிகி விழாவில் ரெபென்ஜுக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது.

நான்கு வருடம் கழித்து, எண்பது வயதில், 'ஜப்பானிய நாய்'. துதோர் கிறிஸ்டியன் ஜூர்ஜு என்ற இளம் இயக்குநரின் முதல் முழுநீளப் படம். கோஸ்டாக்கே என்ற கிழவர் வெள்ளத்தில் வீட்டையும் மனைவியையும் இழந்தவர். பல வருடம் பேசாத மகன் ஜப்பானிலிருந்து ஜப்பானிய மனைவியோடும் குழந்தையோடும் வருகிறான். பெரிய சண்டை இல்லை, பெரிய அழுகை இல்லை.  கிழவருக்கும் பேரனுக்கும் நடுவில் அந்தப் பையன் கொண்டுவந்த ஒரு பொம்மை நாய்.

இந்த வரிசையைக் கவனித்தீர்களா? மொரொமெட்டெவின் மகன்கள் புக்கரெஸ்ட்டுக்கு ஓடினார்கள். நிக்கியின் மகள் அமெரிக்காவுக்குப் போனாள். இயோனின் மகன் கனடாவில். கோஸ்டாக்கேயின் மகன் ஜப்பானில். ஒவ்வொரு படத்திலும் பிள்ளைகள் தூரம் போகிறார்கள், அப்பா அதே இடத்தில் இருக்கிறார். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதல்ல. கிராமம் நகரத்துக்குப் போனது, 1989-க்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் வெளிநாட்டுக்குப் போனார்கள், அந்த வரலாறு ஒரே நடிகரின் முகத்தில் வந்து படிந்திருக்கிறது. பிள்ளைகளை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் பேரனைப் பார்க்கிற நம் ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள், இந்தப் படங்கள் ஏன் இவ்வளவு தைக்கின்றன என்று தெரியும்.

அந்த நான்கு அப்பாக்களில் ஒருவரைக்கூட அவர் நல்லவராக மட்டும் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மொரொமெட்டெ மகன்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. இயோன் சொந்த மகனைக் காட்டிக்கொடுத்தவர். நிக்கி செய்வது கொலை. பார்வையாளரின் இரக்கத்தை அவர் கேட்டு வாங்குவதே இல்லை. அதனால்தான் கொடுக்கத் தோன்றுகிறது. மேடையிலும் இதே பாதைதான். புலாந்த்ராவில் ஃப்ளோரியன் செல்லரின் 'அப்பா' நாடகத்தில் நினைவு தப்பிக்கொண்டிருக்கிற கிழவராக நடித்தார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். 'மெடல்' ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், அதனால் அடுத்து 'ஜப்பானிய நாய்'. எளிதான படம், பதற்றமில்லாமல் பார்க்கலாம். அதன் பிறகு 'நிக்கியும் ஃப்ளோவும்'. அதைத் தனியாக, வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் பாருங்கள். பிறகு ஒரு நீண்ட மாலைப்பொழுதை 'மொரொமேட்ஸி'க்கு ஒதுக்குங்கள். இரண்டரை மணி நேரம் ஓடும். வசன வரிகள் நன்றாக உள்ள பிரதி கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பேச்சை இழந்தால் அந்தப் படமே போய்விடும். 'தூக்கிலிடப்பட்டவர்களின் காடு' படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். இத்தனை கிழவர்களையும் பார்த்துப் பழகிய பிறகு, முப்பத்திரண்டு வயதில் அவர் சிறையில் இலோனா கொண்டுவந்த ரொட்டியைக் கையில் வாங்குவதைப் பாருங்கள்.